சபை லோரிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபையில், ஒருவருடைய விசுவாசம் உண்மையானதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு மனிதர் இருந்தார். பெயர் ஜெயராஜ். ரயில்வே பட்டறையில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கணக்குப் பார்க்கிற குமாஸ்தா. பகல் முழுக்க தன் மேசைக்கு வருகிற போல்ட்டையும் நட்டையும் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, 'இது செல்லும்', 'இது செல்லாது' என்று இரண்டு தட்டில் பிரித்துப் போடுவார். வியாழக்கிழமை சாயங்காலம் முகத்தைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு சபைக்கு வந்து, மனிதர்களையும் அப்படியே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

ஞானஸ்நானம் வேண்டுமென்று வருகிறவர்கள் முதலில் அவருடைய ஆயத்த வகுப்பில் உட்கார வேண்டும். அவர் கேள்வி கேட்டு, தலையை ஆட்டினால்தான் போதகர் தண்ணீரைத் தொடுவார். போதகர் இளகிய மனசுக்காரர். அவரிடம் விட்டால் தெருவில் போகிற ஆட்டுக்குட்டிக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார் என்று ஜெயராஜுக்கு ஒரு பயம்.

ஜெயராஜின் சொந்த விசுவாசத்தை யாரும் தூக்கிப் பிடித்துப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை. அவருடைய தாத்தாவே கிறிஸ்தவராகப் பிறந்தவர். வீட்டில் இருக்கிற தேக்கு அலமாரி மாதிரி அதுவும் வழிவழியாக வந்தது. அலமாரி தேக்குதானா என்று யார் தினமும் சுரண்டிப் பார்க்கிறார்கள்?

ரப்பர் விலை விழுந்து எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. கப்பலேறிப் போகிற அவசரத்தில் இருந்த ஒரு எஸ்டேட் மானேஜர், தன்னிடமிருந்த பழைய லோரியைச் சபைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். மேரு எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் தலைகீழாகக் கவிழ்ந்த லோரி. வேறு யாரும் வாங்கமாட்டார்கள் என்பதும் அந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம். லோரியோடு சேர்ந்து அதன் டிரைவரும் வந்து சேர்ந்தான். பெயர் பக்கிரிசாமி. அந்த இன்ஜினின் கோபதாபம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சபைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்து அவன் லோரியைச் செப்பனிட்டான். வியாழக்கிழமைகளில் ஸ்பேனரோடு லோரிக்கு அடியில் படுத்திருக்கும்போது ஜன்னல் வழியாக வகுப்பு காதில் விழும். கொஞ்ச நாளில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தான். இன்னும் கொஞ்ச நாளில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு ஒருநாள், "எனக்கும் ஞானஸ்நானம் குடுங்கய்யா" என்று கேட்டுவிட்டான்.

ஜெயராஜ் அவனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"லோரி ஓட்டிக்கிட்டுப் போறே. இறக்கம். பிரேக் பிடிக்கல. யாரைக் கூப்பிடுவே?"

பக்கிரிசாமி யோசித்தான். யோசிக்க யோசிக்க நெற்றியில் வேர்த்தது.

"உள்ளதைச் சொல்லிடறேங்க. முதல்ல வாயில வர்றது முருகாதாங்க. நானா கூப்பிடறதில்ல, அதுவா வருது. அப்புறம் கொஞ்சம் நிதானம் வந்ததும் இயேசப்பாவைக் கூப்பிட்டுக்குவேன்."

"நிதானம் வர்றதுக்குள்ள லோரி கவிழ்ந்துடுமேப்பா!"

"அதாங்க எனக்கும் கவலை."

செல்லாது. சில மாதம் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாம் முறை கேள்வி எலுமிச்சம்பழத்தில் வந்து நின்றது. புது வண்டியோ, பட்டறையிலிருந்து வெளியே வருகிற பழைய வண்டியோ, முதல் ஓட்டத்துக்கு முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் இதற்கு விலக்கான டிரைவர் கிடையாது.

"நம்ம சபை லோரிக்கும் வைப்பியோ?" என்றார் ஜெயராஜ்.

"வைக்காம எடுத்தா கை நடுங்குங்களே."

"மேரு வளைவுல கவிழ்ந்துச்சே, அன்னைக்கு அந்த லோரிக்கு எலுமிச்சம்பழம் வெச்சிருந்தியா இல்லியா?"

"வெச்சிருந்தேங்க."

"பின்னே கவிழ்ந்துச்சே?"

"கவிழ்ந்துச்சுங்க. ஆனா நான் சாவலியே."

வகுப்பில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஜெயராஜ் குரலை உயர்த்தினார். சந்தையில் கூறுபோட்டு விற்கிற ஒரு பழத்தை நம்பிப் பிழைக்கிறவன் ஆண்டவரை எப்படி நம்புவான் என்று கேட்டார். மனுஷனுடைய உயிர் ஊறுகாய்க்குப் போகிற சாமானிலா இருக்கிறது என்று கேட்டார். அன்றைய பேச்சு அவருக்கே பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி டோரிஸிடம் ஒருமுறை பேசிக் காட்டினார்.

பக்கிரிசாமி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, "இனிமே வைக்கமாட்டேங்க" என்றான். பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி வெளியே போனான்.

"பார்ப்போம்" என்றார் ஜெயராஜ்.

லோரி தயாரானது. சாலாக் செலாத்தானிலிருந்து வந்த ஒரு சீனப் பெயிண்டர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவர், போதகர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து 'இயேசு அழைக்கிறார்' என்று பக்கவாட்டில் அவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரதிஷ்டை. அதைச் செய்து வைக்க சபைகளின் கண்காணிப்பாளரான அமெரிக்கத் துரையே வருகிறார். பிறகு லோரி கிள்ளான் வழியாக மேரு எஸ்டேட்டுக்குப் போகும். அங்கே பாட்டு, பிரசங்கம். ஜெயராஜ் தம் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்வார். அதனால் அவருக்கு முன் சீட்டு.

முன் சீட்டு என்று கேள்விப்பட்டதும் ஜெயராஜ், மேருவுக்கு ரயில் போகாதா என்று போதகரிடம் இரண்டு முறை விசாரித்தார்.

அவர் கார் லோரியில் அதிகம் ஏறினவரல்லர். ரயில் தண்டவாளத்தில் போகிறது, அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. லோரி எங்கே வேண்டுமானாலும் போகும். அதோடு பட்டறையில் கண்ட ஒரு காட்சியும் அவரை விடவில்லை. பழுது பார்த்த இன்ஜினை வெளியே எடுக்கும்போதெல்லாம் அதற்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன்கள் சக்கரத்தடியில் பழம் வைப்பார்கள். ஜெயராஜ் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரிப்பார். ஒரே ஒருமுறை வைக்க மறந்தார்கள். அன்றைக்கு ஒரு எருமை தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டது. எருமைக்கும் எலுமிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதும் சிரித்தார். ஆனால் அந்த எருமையை அவர் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சபைக் கதவைத் திறக்கப் போகிறவர் அவர்தான். அன்று அடுக்களையைத் தாண்டும்போது கை தானாகக் கூடைக்குள் போனது. ஒரு எலுமிச்சம்பழம். 'இதுவும் ஆண்டவர் படைத்த கனிதானே' என்று சொல்லிக்கொண்டார். தெருவைக் கடக்கும்போது, 'பழம் கையிலிருந்து நழுவி விழலாம். நழுவி விழுவது பாவமல்ல' என்று சொல்லிக்கொண்டார். லோரி புல்லில் நின்றிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். பழம் நழுவியது. நழுவிய பழத்தை, முன்பக்கம் இடது சக்கரத்துக்கு அடியில், தம் சீட்டுக்கு நேர் கீழே, விரலால் நன்றாகத் தள்ளிப் பொருத்தி, மேலே புல்லை இழுத்து மூடினார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் லோரியைச் சுற்றி நின்றார்கள். துரை ஜெபம் செய்து ரிப்பனை வெட்டினார். ஜெயராஜ் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பாட்டுக்காரப் பெண்கள், டோரிஸ் உட்பட, நடுவில் ஆர்மோனியம், அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பள்ளிக்கூட ஆசிரியை சாந்தமேரி. பக்கிரிசாமி ஹேண்டில் போட்டுச் சுற்றினான். இன்ஜின் இருமி, தும்மி, பிடித்துக்கொண்டது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பழம் நசுங்குகிற சத்தம் அந்தப் பாட்டில் அமுங்கிவிட வேண்டுமே என்று ஜெயராஜ் வேண்டிக்கொண்டார். லோரி நகர்ந்தது.

டப்.

அவர் கண்ணை மூடினார். முடிந்தது.

டப்.

கண்ணைத் திறந்தார்.

டப். டப்.

காற்றில் எலுமிச்சை வாசனை கமகமவென்று எழுந்தது. பாட்டு நின்றுவிட்டது. துரைக்குத் தமிழ் தெரியும், ஆனால் அதைப் பழைய புத்தகங்களிலிருந்து மட்டும் கற்றவர். போதகர் பக்கம் திரும்பி, "இச்சத்தம் யாது?" என்று கேட்டார்.

போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சபையாரின் சந்தோஷம், ஐயா" என்றார்.

கிள்ளான் ரோட்டில் போகும்போது ஜெயராஜின் தலைக்குள் ஒரே கணக்கு. வைத்தது ஒன்று. வெடித்தது நான்கு. மற்ற மூன்றை வைத்தது யார்? ஓரக்கண்ணால் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கிரிசாமி கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். கை நடுங்கவில்லை. வாய் நிறையச் சிரிப்பு.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுங்களா? நான் பயந்துக்கிட்டே இருந்தேன், நம்ம சபை ரொம்பக் கண்டிப்புன்னு. அப்படியெல்லாம் இல்லீங்க. நல்ல சபைங்க."

எவ்வளவு திமிர் என்று நினைத்தார் ஜெயராஜ். வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்று பழத்தை வைத்துவிட்டு, சபைக்கு நற்சான்று வேறு! அடுத்த வியாழக்கிழமை இவனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்த உடனே, தம்முடைய பழம் ஞாபகம் வந்தது. வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

மேரு வளைவில் மழைக்குச் செம்மண் கரைந்து வழிந்திருந்தது. லோரி ஒரு வழுக்கு வழுக்கிப் பக்கவாட்டில் போனது. பக்கிரிசாமி, "முரு..." என்று ஆரம்பித்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, "இயேசப்பா!" என்று முடித்தான். ஜெயராஜும் ஏதோ கத்தினார். லோரி ஒரு ரப்பர் மரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

எல்லாரும் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆர்மோனியம் மட்டும் தானாக ஒரு சுரம் பாடிக்கொண்டிருந்தது. டோரிஸ் முன்னால் ஓடி வந்தாள்.

"என்னங்க, என்னையா கூப்பிட்டீங்க?"

"இல்லியே" என்றார் ஜெயராஜ்.

அப்போதுதான் தாம் கத்தியது என்ன என்பது அவருக்கே உறைத்தது. மூன்று தலைமுறை விசுவாசம். பிரேக் பிடிக்காதபோது யாரைக் கூப்பிடுவாய் என்று ஊரையெல்லாம் கேட்ட வாய். அந்த வாய் "டோரிஸ்!" என்று கத்தியிருக்கிறது. பக்கிரிசாமியாவது பாதியில் திருத்திக்கொண்டான். இவருக்குத் திருத்தக்கூடத் தோன்றவில்லை.

அன்று எஸ்டேட்டில் அவர் சொன்ன சாட்சி மிகவும் சுருக்கமாக இருந்ததென்று எல்லாரும் பாராட்டினார்கள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் குவிந்தன. ஜெயராஜ் ஒன்றைக் கையில் எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், எந்தத் தட்டில் போடுவதென்று தெரியாமல் திரும்பவும் கீழே வைப்பார். அலமாரியை ஒருமுறை சுரண்டியாயிற்று. இனி சும்மா இருக்க முடியவில்லை. நான் நம்புகிறேனா? நம்புகிறேன். அப்படியானால் பழம் எதற்கு? பழத்தை நம்பினேனா? இல்லை. அப்படியானால் ஏன் விரலால் தள்ளிப் பொருத்தினேன்? பழத்தையும் முழுசாக நம்பாத, ஆண்டவரையும் முழுசாக நம்பாத ஒரு மனிதனுக்கு எந்த மதத்தில் இடம் உண்டு? யாரிடமாவது கேட்கலாம். ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளை அந்த ஊரில் எல்லாரும் அவரிடம்தான் கேட்பார்கள்.

டோரிஸிடம் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். கூடையில் பழம் குறைந்திருப்பதை அவள் இன்னும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஒரு மிளகாய் குறைந்தாலும் கேட்கிறவள். இந்த வாரம் கூடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

வியாழக்கிழமை வகுப்புக்கு வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். துரை தம் சமையல்காரரிடம் எலுமிச்சம்பழத்தின் பொருளை விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு முன் இதைத் தீர்த்து வையுங்கள் என்று போதகருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போதகர் எழுந்து நின்றார். அங்கியின் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சபை லோரிக்கு யாரோ... அதாவது, நம்மில் யாரோ... பழம் வெச்சிருக்காங்க. வெச்சது யாருன்னு நான் கேட்கல. அவங்களே சொன்னா நல்லது."

அவர் கேட்க வேண்டியதே இல்லை. எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டன. "பழைய பழக்கம் விடுமா?" என்றது ஒரு குரல். "டிரைவருங்களே அப்படித்தான்" என்றது இன்னொன்று. பக்கிரிசாமி எழுந்து நின்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயா, அதுல தப்பு ஏதும் இருக்குங்களா?" என்றான்.

கூட்டம் 'அதானே' என்று மூச்சு விட்டது. போதகர் வருத்தத்தோடு ஜெயராஜைப் பார்த்தார். இனி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏற்கெனவே ஒருமுறை சொன்ன வார்த்தை. செல்லாது. பக்கிரிசாமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சபை நிம்மதியாகும். ஜெயராஜ் வியாழக்கிழமைதோறும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, சாகிறவரைக்கும் மற்றவர்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்த வார்த்தைக்காக வாயைத் திறந்தார்.

"முன்னாடி இடது சக்கரம் நான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"முன்னாடி இடது சக்கரத்துக்கு வெச்சது நான்தான். எங்க வீட்டுக் கூடையிலிருந்து எடுத்துட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை, கதவு திறக்க வந்தப்ப. ஆனா நான் ஒண்ணுதான் வெச்சேன். இதை மட்டும் நம்புங்க, ஒண்ணுதான்."

பெண்கள் பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

டோரிஸ் எழுந்தாள்.

"முன்னாடி வலது" என்றாள்.

"டோரிஸ்!"

"கத்தாதீங்க. மேசைக்குப் பூ வைக்க வந்தேனா, உங்க சீட்டுக்குக் கீழே யாரோ ஏற்கெனவே வெச்சிருந்தாங்க. சரி, டிரைவர் பக்கம் நல்லா இருந்தாத்தானே பக்கத்துல இருக்கறவரும் நல்லா இருப்பாருன்னு அந்தப் பக்கம் வெச்சேன். கூடையில ரெண்டு குறையுதே, ஒண்ணுதானே எடுத்தோம்னு வாரம் பூராவும் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருக்கேன். உங்களைக் கேட்கவும் பயம். ஊறுகாய்ப் பிரசங்கம் பண்ணினவராச்சே."

சாந்தமேரி உட்கார்ந்தபடியே ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் குரலில் சொன்னாள்: "பின்னாடி இடது. நான் எனக்காக வைக்கல. ஆர்மோனியத்துக்காக வெச்சேன். கப்பல்ல வந்த சாமான். ஏதாவது ஆனா யார் பொறுப்பு?"

இப்போது ஒரே ஒரு சக்கரம்தான் பாக்கி. எல்லாத் தலையும் மெதுவாக, முதல் முறை திரும்பிய வேகம் இல்லாமல், பக்கிரிசாமி பக்கம் திரும்பின.

"அது நான்தாங்க" என்றான் பக்கிரிசாமி. "லோரியைத் துடைக்க வந்தேன். பார்த்தா மூணு சக்கரத்துக்கு இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. ஐயா வேண்டாம்னாரே, நாமளும் கஷ்டப்பட்டு விட்டுட்டோமேன்னு நின்னேன். அப்புறம்தான் வெளங்குச்சு. நாமளா வைக்கக் கூடாது, சபையா சேர்ந்து வெச்சா வைக்கலாம் போலன்னு. மூணு பேரு வந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க, நாலாவது சக்கரம் டிரைவருக்குன்னு விட்டு வெச்சிருக்காங்க, நாம வைக்கலேன்னா சபையோட சேராதவன்னு நினைப்பாங்களேன்னு பாசாருக்கு ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். தப்புங்களா?"

ஜெயராஜ் உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் பாதி குனிந்த நிலையில் இருந்தார். அவருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த நான்கு பழத்தில் மூன்று, சபைக்குத் தெரியக் கூடாது என்று வைத்தவை. ஒன்றுதான் சபைக்குக் கீழ்ப்படிந்து வைத்தது.

போதகருக்கு வேர்த்துக் கொட்டியது. அங்கியின் கை நனைந்துவிட்டதால், கைக்குட்டைக்காகப் பையில் கையை விட்டு இழுத்தார். கைக்குட்டையோடு சேர்ந்து உருண்டையாக ஏதோ ஒன்று வெளியே வந்து தரையில் விழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே உருண்டு போய், ஜெயராஜின் பூட்ஸில் முட்டி நின்றது. மஞ்சள் வற்றிச் சுருங்கிப்போன ஒரு எலுமிச்சம்பழம்.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு போதகரைப் பார்த்தார்கள்.

"நான் வரும்போது நாலு சக்கரமும் முடிஞ்சு போச்சு" என்றார் போதகர் மெல்லிய குரலில். "ஸ்பேர் டயருக்கு எங்கே வைக்கிறதுன்னு தெரியல."

முதலில் சிரித்தது சாந்தமேரிதான். அப்புறம் கொட்டகை மாதிரி இருந்த அந்தச் சின்னக் கூடம் முழுக்கச் சிரித்தது. 'டிரைவருங்களே அப்படித்தான்' என்று சொன்ன குரலும் சிரித்தது. பக்கிரிசாமி, எதற்கு என்று தெரியாவிட்டாலும், சபை சிரிக்கிறதே என்று சேர்ந்து சிரித்தான்.

சிரித்து ஓய்ந்ததும் போதகர், "ஜெயராஜ், நீங்களே கேள்வியைக் கேளுங்க" என்றார்.

"நான் கேட்கிற நிலைமையில இல்லீங்க, ஐயா."

"கேளுங்கன்னா கேளுங்க. துரைக்குப் பதில் சொல்லணும்."

ஜெயராஜ் குனிந்து அந்தப் பழத்தை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "லோரி ஓட்டிக்கிட்டுப் போறே. பிரேக் பிடிக்கல. யாரைக் கூப்பிடுவே?"

பக்கிரிசாமிக்கு மறுபடியும் வேர்த்தது. "முதல்ல வர்றது இன்னும் அதுதாங்க. ஆனா இப்ப முழுசா வர்றதில்ல. பாதியிலேயே பிடிச்சுக்கறேன். மேருவுல ஐயாவே பக்கத்துல இருந்து கேட்டீங்களே."

"கேட்டேன்" என்றார் ஜெயராஜ். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக இல்லாமல், பெண்கள் பக்கம் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு நான் கூப்பிட்டது டோரிஸை."

டோரிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எனக்குக் காது கேட்கும்" என்றாள். "அஞ்சு தடவை."

"ஒரு தடவைதான்."

"அஞ்சு."

ஜெயராஜ் போதகரிடம் திரும்பினார். இவன் செல்லும் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அந்த வார்த்தை இனிமேல் அவருக்கு நட்டுக்கும் போல்ட்டுக்கும் மட்டும்தான் வரும் போலிருந்தது. "நம்மளோட சேர்த்துக்குவோங்க" என்றார். "நாம இருக்கிற லட்சணத்துக்கு அவனுக்குச் சம்மதமான்னுதான் கேட்கணும்."

"சம்மதங்க!" என்றான் பக்கிரிசாமி அவசரமாக, மனம் மாறிவிடப் போகிறார்களே என்று.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. தண்ணீர் தலையில் விழுந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ரேடியேட்டர் திறக்கிறவன் மாதிரி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். பேர் மாற்ற வேண்டுமா என்று கேட்டான். போதகர், லைசென்ஸில் இருக்கிறதே இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் லோரி மறுபடியும் மேருவுக்குப் புறப்பட நின்றது. டோரிஸ் வீட்டுக் கூடையில் மிச்சமிருந்த பழங்களை எல்லாம் பிழிந்து, சர்க்கரை போட்டு ஒரு பெரிய குடத்தில் கொண்டு வந்திருந்தாள். எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். போதகர் இரண்டு டம்ளர் குடித்தார். குடிக்கும்போதே ஒவ்வொருவர் கண்ணும் புல்லுக்குள் சக்கரத்தைத் தேடியது. யாரும் குனியவில்லை. குனிந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் அன்று பெரிய உதவியாக இருந்தது.

ஜெயராஜ் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பக்கிரிசாமி ஹேண்டிலைச் சுற்றிவிட்டு வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தான். அவன் கை நடுங்குவதை ஜெயராஜ் பார்த்தார். தம் கையையும் பார்த்தார்.

"எடுக்கட்டுங்களா, ஐயா?"

"எடுப்பா."

லோரி நகர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. பின்னால் பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. லோரியில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சத்தமின்மையைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு முனை வந்தது. ஜெயராஜ் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. மனப்பாடமான ஜெபம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஆண்டவரே, இன்னைக்கு உம்மை விட்டா வேற யாரும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

"யாரைங்க கூப்பிட்டீங்க?" என்றான் பக்கிரிசாமி.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றார் ஜெயராஜ்.